குழியில் ஒரு கை உப்பு

என் தாய்மாமன் தென்னம்பிள்ளை நட்டதைச் சிறுவயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆம்பூரை அடுத்து, பாலாற்றங்கரையை ஒட்டிய நிலம். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் குழி. அடியில் ஆற்று மணல் ஒரு கூடை, மக்கிய எரு ஒரு கூடை. அதன்மேல் சாக்கிலிருந்து கல்லுப்பை இரண்டு கையாலும் அள்ளி விசிறினார். ஒரு கிலோவுக்குக் குறையாது.

"உப்பு போட்டா செடி செத்துப்போகாதா மாமா?"

"தென்னைக்கு உப்புதான்டா தாய்ப்பாலு."

பல வருடம் கழித்து அதே தோப்பில் மட்டைகளின் நுனி கருகித் தொங்கியது. குரும்பை உதிர்ந்தது. நின்ற காயும் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறுத்துப்போயிற்று. மாமா கிணற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். "உப்பு" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

குழியில் போட்டதும் உப்பு, கிணற்றில் வந்ததும் உப்பு. முன்னது பால், பின்னது விஷம். இது எப்படி? பாலாற்றங்கரையில் தென்னை வைத்திருக்கும் எல்லோருக்கும் உள்ள கேள்விதான் இது. பழமரங்களின் ஊட்டம் பற்றி ஆராய்கிறவர்கள் ஆயுள் முழுக்க வேறு வேறு மரங்களிடம் கேட்டுக்கொண்டிருப்பதும் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான்.

இலை வாயைத் திறக்க

சமையல் உப்பில் இரண்டு சரக்கு உண்டு. ஒன்று சோடியம், இன்னொன்று குளோரைடு. தண்ணீரில் கரைந்ததும் இரண்டும் பிரிந்து தனித்தனியாகத் திரியும். மாமா உப்பை அள்ளிப் போட்டபோது தென்னை கேட்டது குளோரைடை மட்டும். சோடியம் கூடவே வந்த அழையா விருந்தாளி.

குளோரைடு இல்லாமல் செடி வாழாது என்பதே 1954-இல்தான், கலிஃபோர்னியாவில் தக்காளிச் செடிகளை வைத்து நிறுவப்பட்டது. ஆனால் பெரும்பாலான செடிகளுக்கு அது சிட்டிகை அளவு போதும். மழைநீரிலும் மண்ணிலும் இருப்பதே மிச்சம். தென்னை அப்படியல்ல, அது வாங்கித் தின்னும் ஜாதி.

காரணம் இலையில் இருக்கிறது. இலையின் அடிப்பக்கம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாய்கள் உண்டு. இலைத்துளை என்று பாடப்புத்தகம் சொல்லும். ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு உதடுகள். உதடுகளுக்குள் பொட்டாசியம் புகுந்தால் பின்னாலேயே தண்ணீரும் புகும். உதடு உப்பும், வாய் திறக்கும், காற்று உள்ளே போகும். பொட்டாசியம் வெளியேறினால் உதடு தொய்ந்து வாய் மூடிக்கொள்ளும். ஆனால் பொட்டாசியம் நேர்மின் சுமை கொண்டது. எதிர்மின் சுமையுள்ள துணை ஒன்று இல்லாமல் அது உள்ளே போய்க் குவியாது. பல செடிகள் இந்தத் துணையைத் தம்மிடமுள்ள மாவுப்பொருளிலிருந்து வீட்டிலேயே செய்துகொள்கின்றன. தென்னை பெரும்பாலும் குளோரைடை நம்பியிருக்கிறது. குளோரைடு குறைந்தால் அதன் வாய் நேரத்துக்குத் திறப்பதுமில்லை, நேரத்துக்கு மூடுவதுமில்லை. கோடையில் அந்த மரம்தான் முதலில் வாடும்.

கடற்கரைத் தென்னைக்கு இந்தக் கவலை இல்லை. உப்புக்காற்றே ஊட்டிவிடும். பிலிப்பைன்ஸில் கடலிலிருந்து உள்ளே தள்ளியிருந்த தோப்புகளில் மட்டும் மரங்கள் மஞ்சளடித்து நின்றன. பொட்டாசியக் குறை என்று நினைத்து பொட்டாசியம் குளோரைடு போட்டார்கள். காய்ப்பு ஏறியது. பிறகு இலைகளைச் சோதித்துப் பார்த்தால், ஏற்றிவிட்டதில் பெரிய பங்கு குளோரைடுக்கு. இத்தனை நாள் பொட்டாசியத்துக்குப் போன பாராட்டு அடுத்த வீட்டு விலாசத்துக்குப் போகவேண்டிய கடிதம். அதன்பின் அந்த நாட்டில் சமையல் உப்பையே தென்னைக்கு உரமாகப் பரிந்துரைத்தார்கள்.

நம் வேளாண் பல்கலைக்கழகம் காய்க்கும் நாட்டுத் தென்னைக்கு வருடத்துக்கு 2 கிலோ மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் போடச் சொல்கிறது. அதுவும் பொட்டாசியம் குளோரைடுதான். அதில் ஏறக்குறைய பாதி எடை குளோரைடு. பொட்டாஷ் போடுகிறவர் தெரியாமலே மரத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் குளோரைடும் போட்டுவிடுகிறார். மாமா படிக்காமல் செய்ததும் அளவில் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது.

தோலோடு வந்த உப்பு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. இந்த வட்டாரத்துக்கு வரும் பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவியே வரும். நூறு கிலோ தோலுக்கு முப்பது, நாற்பது கிலோ உப்பு. தோல் பதனிடும் டேனரியில் நடக்கும் முதல் வேலை அதை ஊறவைத்துக் கழுவுவது. பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போட்டு முடியை எடுப்பார்கள். குரோமியம் ஏற்றுவதற்கு முன் மறுபடியும் அமிலத்தோடு உப்பு. ஒரு கிலோ தோல் தயாராக சராசரி 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பில் குறிப்பிட்டது. அந்தத் தண்ணீர் வருடக்கணக்கில் போய்ச் சேர்ந்த இடம் ஏரி, வாய்க்கால், பாலாறு.

ஒரு காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையால்தான் தோல் பதனிட்டார்கள். பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு 1970-களில் கட்டுப்பாடு வந்ததும் தொழில் வேகமாகக் குரோமியத்துக்கு மாறியது. ஊரில் இன்றைக்கும் எல்லாப் பழியும் குரோமியத்தின் தலையில்தான் விழுகிறது. மனிதர்களின் உடலைப் பற்றிய பேச்சென்றால் அந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் மரத்தைப் பற்றிய பேச்சில் நான் கொஞ்சம் மாறுபடுவேன். பதனிடப் பயன்படும் வகைக் குரோமியம் மண்ணில் பட்டதும் பெரும்பாலும் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. வேருக்குள் போனதும் வேரைத் தாண்டி மேலே அதிகம் ஏறுவதில்லை. உப்பு அப்படியா? தண்ணீர் போகுமிடமெல்லாம் கூடவே போகும். சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களை வளர்க்கலாம். உப்பைத் தின்ன ஒரு நுண்ணுயிரும் கிடையாது. சவ்வு வழியாகப் பிழிந்து, மிச்சத்தைக் காய்ச்சி எடுத்தால்தான் உண்டு. அந்த இயந்திரங்கள் இங்கே வந்தது மிகவும் பிந்தி. அவை வந்தபின்னும் கடைசியில் ஓர் உப்புக் குவியல் கிடக்கத்தான் செய்கிறது.

சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் வழிகளில் எனக்குப் பிடித்தது மிக எளியது. தோலைத் தண்ணீரில் போடுமுன் நன்றாக உதறுங்கள். உதிரும் உப்பு ஆற்றுக்குப் போகாது.

ஒரு மரத்தின் உப்பு வரவு

இப்போது ஒரே ஒரு தென்னையை எடுத்துக்கொள்வோம். காகிதமும் பென்சிலும் போதும்.

கோடையில் காய்க்கும் தென்னைக்கு நாளொன்றுக்குச் சுமார் 60 லிட்டர் தண்ணீர் வேண்டும். கிணற்று நீரில் லிட்டருக்கு 3 கிராம் கரைந்த உப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் ஃபில்டர் மாட்ட வருகிறவர் பேனா போன்ற கருவியை விட்டுப் பார்ப்பாரே, அந்த டி.டி.எஸ். கருவியில் அது 3,000 என்று காட்டும். ஆலைக் கழிவுநீரில் இது 2,100-ஐத் தாண்டக்கூடாது என்பது விதி. நம் கணக்கில் உள்ளது அதைவிடக் கொஞ்சம் மோசமான கிணறு, அவ்வளவே. நாக்குக்கு உவர்ப்பாக இருக்கும். பயிருக்கு விட முடியாது என்று யாரும் சொல்லிவிட மாட்டார்கள்.

60 லிட்டர், லிட்டருக்கு 3 கிராம். ஒரு நாளைக்கு 180 கிராம். சமையலில் ஓர் ஆளுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு வரும் உப்பு. வருடத்தில் 200 நாள் பாய்ச்சினால் 36 கிலோ.

மாமா குழியில் போட்டது ஒரு கிலோ, அதுவும் மரத்தின் ஆயுளுக்கே ஒருமுறை. மோட்டார் போடுவது வருடா வருடம் 36 கிலோ. பத்து வருடத்தில் ஒரு மரத்தடிக்கு 360 கிலோ. பாலுக்கும் விஷத்துக்கும் நடுவில் இருப்பது இந்தக் கணக்குத்தான்.

வந்தது இவ்வளவு என்றால் போனது எவ்வளவு? தண்ணீர் குடிக்கும் வேர் அதிலுள்ள உப்பில் பெரும்பகுதியை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. வெயிலும் தண்ணீரை மட்டும் கொண்டுபோய் உப்பை விட்டுவிடும். காயோடு கொஞ்சம் வெளியேறும், முக்கியமாக உரிமட்டையில். ஆனால் 36 கிலோவுக்கு முன்னால் அது எம்மாத்திரம்? உப்புக்கு ஒரே கதவுதான் உண்டு, அது கீழ்நோக்கித் திறக்கிறது. மழை இறங்கிக் கழுவிக்கொண்டு போகவேண்டும்.

மரத்தைச் சுற்றி ஆறடி ஆரத்தில் பாத்தி கட்டினால் பத்து சதுர மீட்டருக்கு மேல் வரும். வேலூர்ப் பக்கம் வருட மழை சுமார் 900 மில்லிமீட்டர். ஆகப் பாத்தியில் விழுவது ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல். ஒரு மீட்டர் ஆழ மண்ணின் வழியாக ஒரு மீட்டர் தண்ணீர் முழுசாக இறங்கினால் உப்பில் ஐந்தில் நான்கு பங்கு போய்விடும் என்பது உவர்நிலக்காரர்களின் தோராயக் கணக்கு. கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் மழையில் பெரும்பங்கை மரமும் வெயிலும் எடுத்துக்கொள்கின்றன. கால் பங்கு இறங்கினாலே பெரிய காரியம். ஐப்பசியில் நாலு நாள் விடாமல் கொட்டினால் ஆற்றோர மணல் நிலம் ஓரளவு தேறும். ஏரிப்பாசனக் களிமண்ணில் தண்ணீர் மேலேயே நின்று வடியும்.

சரி, இறங்கிய உப்பு எங்கே போகிறது? கிணற்றுக்கு. மறுபடி மோட்டார், மறுபடி பாத்தி. பாலாறு ஓடினால் இந்தச் செக்கு நிற்கும். ஆனால் அது வருடத்தில் சில நாள் ஓடினாலே செய்தியாகிற ஆறு. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியபோது பாலத்தின்மேல் குடும்பம் குடும்பமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். மற்ற காலத்தில் ஆற்றுக்குள் ஓடும் ஆறான மணல்படுகைதான் உப்பை நீர்த்துப்போகச் செய்யவேண்டும். அந்த மணல்தான் லாரி லாரியாகப் போய்விட்டதே.

நுனியில் தொடங்கும் தீ

அமெரிக்காவில் ரிவர்சைடு என்ற ஊரில் உவர்நில ஆய்வகம் ஒன்று 1930-களிலிருந்து நடக்கிறது. அங்கே யூஜின் மாஸ், கிளென் ஹாஃப்மன் என்ற இருவர் அதுவரை உலகெங்கும் நடந்த சோதனைகளைத் திரட்டி 1977-இல் ஓர் அட்டவணை போட்டார்கள். எந்தப் பயிர் எவ்வளவு உப்பு வரை பொறுக்கும், பொறுமை முடிந்தபின் எவ்வளவு வேகமாகச் சரியும் என்ற இரண்டே கேள்விகள்தான். உப்பை அளக்க மண்சாற்றில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்ப்பார்கள். மண் பரிசோதனை அட்டையில் ஈ.சி. என்று போட்டிருப்பதும் இந்த வகை அளவைத்தான். பேரீச்சை 4 வரை அசையாது. ஆரஞ்சு இரண்டை எட்டுமுன்பே தடுமாறும். அதற்குப்பின் ஈ.சி. ஒன்று ஏறினால் பேரீச்சையின் மகசூல் நூற்றுக்கு நான்கு கூடக் குறையாது. ஆரஞ்சுக்குப் பதின்மூன்றுக்கும் மேலே போய்விடும்.

நம் தோட்டத்து மரங்களில் இலந்தையும் சப்போட்டாவும் கெட்டி. தென்னை, கொய்யா, மாதுளை நடுவாந்தரம். மா தொட்டால்சிணுங்கி. மாவிலையின் ஓரம் கருகியிருந்தால் அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். கருகல் நுனியில் தொடங்கி ஓரமாக இறங்கியிருக்கும். பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவே கத்தரித்தாற்போல ஒரு கோடு. இலையில் தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. நீரோட்டத்தின் கடைசி நிறுத்தம் நுனி என்பதால் அங்கேதான் முதலில் சேரும். துளிர் பளபளவென்று இருக்கும். போன வருட இலைதான் எரியும்.

இதிலொரு வம்பு உண்டு. பொட்டாசியம் குறைந்தாலும் பழைய இலையின் ஓரம்தான் கருகும். சோடியமும் பொட்டாசியமும் உருவத்தில் அண்ணன் தம்பி மாதிரி. வேரின் வாசலில் தம்பி கூட்டமாக நின்றால் அண்ணனுக்கு வழி கிடைக்காது. எனவே உவர்நிலத்தில் இரண்டு நோயும் ஒன்றாகவே வரும். "பொட்டாஷ் போடுங்க" என்ற அறிவுரை சரிதான். ஆனால் மாவுக்கு மியூரியேட்டைக் கொட்டினால் குளோரைடும் சேர்ந்து ஏறும். அங்கே சல்ஃபேட் ஆஃப் பொட்டாஷ்தான் வேண்டும். விலை கூட. தென்னைக்கு மருந்தாவது மாவுக்கு ஆகாது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லமுடியாது. அதனால்தான் தென்னையில் மேலிருந்து எண்ணிப் பதினான்காவது மட்டையைத் தேர்ந்து, அதன் நடுப்பகுதி ஓலையை மட்டும் நறுக்கி, காயவைத்து, பொடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். ஏன் பதினான்கு? மட்டை ரொம்ப இளசாகவும் இருக்கக்கூடாது, ரொம்ப முற்றியும் இருக்கக்கூடாது. உலகம் முழுக்க எல்லோரும் ஒரே மட்டையைப் பார்த்தால்தான் ஒப்பிடவும் முடியும்.

காலை மாற்றிப் பார்த்தவர்கள்

மரம் உப்பைத் தாங்குவதில் முக்கால்வாசி வேலை வேருடையது. அப்படியானால் கெட்டியான வேரின்மேல் நல்ல பழம் தரும் கிளையை ஒட்டினால் என்ன? மகாராஷ்டிரத் திராட்சைக்காரர்கள் இதைத்தான் செய்தார்கள். விதையில்லாத் திராட்சையை டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடியின்மேல் ஏற்றினார்கள். இஸ்ரேலில் கட்மன், காசித் என்ற ஆய்வாளர்கள் சுண்ணாம்பு மண்ணையும் உப்புத் தண்ணீரையும் தாங்கும் மாங்கன்றுகளைச் சலித்தெடுத்தார்கள். அவர்கள் தேர்ந்த வேர்ச்செடிக்கு இன்றைக்கும் பெயர் கிடையாது. 13-1 என்று எண் மட்டும்தான். கேரளத்துக் குறுக்கன் மாவுக்கும் உப்பைத் தாங்குவதில் நல்ல பெயர் உண்டு.

குறுக்கனிடம் இன்னொரு குணமும் இருக்கிறது. அதன் ஒரு கொட்டையிலிருந்து பல முளைகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் அச்சு அசல். நம் பெங்களூராவின் கொட்டை அப்படியில்லை, ஒரே முளை, அதுவும் தாயைப்போல இருக்காது. கன்றுப் பண்ணையில் கூழ் ஆலையிலிருந்து வந்த கலப்புக் கொட்டைகளை முளைக்கவைத்து அதன்மேல் ஒட்டுகிறார்கள் என்றால், தோப்பில் மேலே எல்லாம் ஒரே பெங்களூரா, கீழே ஆளுக்கொரு கால். ஒரே வரிசையில் ஒரு மரம் செழித்து அடுத்தது கருகுவதற்கு இது ஒரு காரணம். மருந்துக்கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

நெல் ஆராய்ச்சிக்காரருக்கு நாலு மாதத்தில் விடை வந்துவிடும். மாவில் வேர்ச்செடி வளர்த்து, ஒட்டி, நட்டு, ஐந்தாம் வருடம் முதல் காய்ப்பைப் பார்த்து, காய்ப்பு நிலைப்பட இன்னும் ஐந்து வருடம் காத்திருக்கவேண்டும். முப்பது வருடப் பணிக்காலத்தில் அப்படிப்பட்ட சோதனை இரண்டோ மூன்றோதான் ஒருவரால் முடியும், அதுவும் இடமாற்றல் வராவிட்டால். தான் நட்ட மரத்தின் விடையை அடுத்தவர் எழுதுவார் என்று தெரிந்தே இந்தத் துறைக்கு வருகிறவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

தென்னைக்கு இந்த வழியும் அடைப்பு. மாவின் பட்டைக்கடியில் வளரும் திசு ஒன்று இருக்கிறது, ஒட்டு கூடுவது அதனால்தான். தென்னை புல்லைப்போல ஒருவித்திலைத் தாவரம். அந்தத் திசு அதற்கு இல்லை, காலை மாற்றிவைக்க முடியாது.

மூன்றரை வருடத்துப் பழைய செய்தி

இன்று பறிக்கும் தேங்காயின் பாளை எப்போது கருவானது தெரியுமா? மரத்தின் குருத்துக்குள், ஏறக்குறைய மூன்றரை வருடத்துக்கு முன்னால். கருவிலிருந்து பாளை வெடிக்க 30 மாதத்துக்கு மேல், வெடித்தபின் காய் முற்ற ஒரு வருடம். ஆகவே இந்த மாசிக் காய்ப்பு எத்தனையோ கோடைகளையும் மழைகளையும் சேர்த்துச் சொல்லும் செய்தி. தண்ணீர் கெட்ட வருடத்திலேயே காய் முழுசாகக் குறைந்துவிடாது. குறைந்த வருடத்தில் தண்ணீர் கொஞ்சம் தேறியும் இருக்கலாம்.

இதை நீதிமன்றத்தில் எப்படிச் சொல்வது? தோல் வட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ கெட்டுப்போனது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டது அந்த 1996 தீர்ப்பில் இடம்பெற்றது. நட்டத்தைக் கணக்கிட ஒரு தனி ஆணையமும் அமைந்தது. அந்த வழக்கின் வால் இன்னும் நீள்கிறது. 2025 ஜனவரி 30 அன்றுகூட உச்ச நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மீண்டும் தீர்ப்பெழுதியது. வேர்க்கடலை போட்டவர் இந்தப் போகம் போச்சு என்று காட்டிவிடலாம். தென்னை வைத்தவர் எந்த வருடத்தைக் காட்டுவார்?

மண்ணுக்கு இரண்டு கை வேண்டும்

மாமாவுக்குப்பின் தோப்பு அவர் மகனிடம் வந்தது. என் வயதுக்காரன். களிமண் பக்கமிருந்த பாத்திகளில் தண்ணீர் விட்டால் மறுநாளும் அப்படியே நிற்கும். காய்ந்தால் மேலே பத்து ரூபாய் நாணயம் கனத்துக்குப் பொருக்கு. சோடியத்தின் கைவரிசை அது. களிமண் என்பது மெல்லிய தகடுகள். கால்சியத்துக்கு இரண்டு கை உண்டு, இரண்டு தகடைச் சேர்த்துப் பிடிக்கும். தகடுகள் உருண்டையாகி நடுவே சந்து விழும். சோடியத்துக்கு ஒரே கை, ஒன்றைத்தான் பிடிக்கும். தகடுகள் பிரிந்து, ஈர அப்பளத்தை அடுக்கியதுபோல ஒட்டிக்கொள்ளும். உப்பு வெளியேறவேண்டிய அந்த ஒரே கதவையும் உப்பே சாத்திவிடுகிறது.

ஜிப்சம் அங்கேதான் உதவுகிறது. அது கால்சியம் கொண்டது. ஜிப்சத்தைப் பாத்தியில் கொத்திவிட்டு நல்ல தண்ணீரோ மழையோ கிடைக்கும்போது தேக்கினால் கால்சியம் இடம்பிடித்து சோடியத்தைக் கீழே தள்ளும். நல்ல தண்ணீர் இல்லாமல் ஜிப்சம் மட்டும் போடுவது வீண். அவன் இரண்டு புரட்டாசி தொடர்ந்து போட்டான், ஐப்பசி மழையைப் பாத்திக்குள்ளேயே தேக்கினான். வேர் சோர்ந்த மரங்களுக்கு பென்சில் கனத்தில் புது வேர் ஒன்றைத் தேடி, நுனியைச் சாய்வாகச் சீவி, தென்னை டானிக் பாக்கெட்டுக்குள் விட்டுக் கட்டினான். 40 மில்லி டானிக், 160 மில்லி தண்ணீர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மட்டை பச்சை கட்டியது. காய்க்கு என்ன ஆகும் என்று தெரிய இன்னும் நாளிருக்கிறது.

போன ஆடியில் போயிருந்தபோது பட்டுப்போன மரங்களின் இடத்தில் புதுப்பிள்ளை நட்டுக்கொண்டிருந்தான். அதே மூன்றடிக் குழி. மணல் போட்டான், எரு போட்டான், மண்ணைத் தள்ள மண்வெட்டியை எடுத்தான்.

"உப்பு போடலையா?" என்றேன்.

நிமிர்ந்து, கிணற்றுப் பக்கம் தலையை ஆட்டினான். "அதான் மோட்டாரே போடுதே, மச்சான்."